கிள்ளான் ரயில் பாதையில் ஓர் இலக்கிய யாத்திரை

ஒரு நூலில் மனம் தோய்ந்தவர்களுக்கு, அந்நூல் பிறந்த மண்ணை ஒருமுறையேனும் கண்ணாரக் காணவேண்டும் என்ற ஆசை எழுவது இயற்கை. அந்த ஆசையே பாரதி பிறந்த எட்டயபுரத்துக்கும், அவர் வாழ்ந்த புதுச்சேரி ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவுக்கும் இன்றளவும் தமிழர்களை அழைத்துச் செல்கிறது. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களை வீராணத்து ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஷேக்ஸ்பியர் பிறந்த இல்லத்தை ஆங்கிலேயர் 1847ஆம் ஆண்டிலேயே பொதுமக்களிடம் திரட்டிய பணத்தில் வாங்கிப் பாதுகாத்தனர். அதற்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 1947இல், எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் திறக்கப்பட்டது. கல்கியின் வேண்டுகோளைப் படித்துவிட்டுத் தம்மால் இயன்றதை அனுப்பிவைத்த சாமானிய வாசகர்களின் பணமும் அம்மண்டபத்தின் கல்லில் கலந்திருக்கிறது.

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வாழும் தமிழ் வாசகர் இத்தகைய யாத்திரைக்கு எங்கே போவார்? ஆங்கில இலக்கியம் பயின்றவருக்கு இந்நகரில் சுட்டிக்காட்ட இடம் உண்டு. 1911ஆம் ஆண்டு விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளி வளாகத்து வீடொன்றில் நிகழ்ந்த துப்பாக்கிக் கொலையை ஆதாரமாக வைத்தே சாமர்செட் மாம் தமது பிரசித்திபெற்ற 'கடிதம்' என்னும் கதையைப் புனைந்தார். தமிழில் இங்கே எழுதியவர்களுக்கோ, 'இன்னார் வாழ்ந்த இல்லம் இது' என்று பெயர் பொறித்த வீடு ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. அவர்களிற் பலர் ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் பிறந்தவர்கள், லயங்கள் இடிந்தன. பத்திரிகைக் காரியாலயங்களில் உழைத்தவர்கள். காரியாலயங்கள் இடம் மாறின, பின்னர் மூடின. ஆயினும், எழுத்தாளரின் வீட்டைத் தேடுவதை விட்டு, அவரை எழுதவைத்த வாசகர்கள் எங்கே இருந்தார்கள் என்று தேடப் புறப்பட்டால், இப்பள்ளத்தாக்கு முழுவதும் நமக்கு இலக்கிய க்ஷேத்திரமாகவே தென்படும் என்பது என் உறுதியான எண்ணம். மலேசியத் தமிழ் இலக்கியத்தில் வாசகனுக்கும் எழுத்தாளனுக்கும் இடையே இருந்த தூரம் மிகக் குறைவு. நேற்றுப் படித்தவனே இன்று எழுதினான்.

நான் வசிக்கும் சாலாக் செலாத்தானிலிருந்து இந்த யாத்திரையைத் தொடங்குவது எளிது. இவ்விடத்தில் ரயில் ஏறினால் சிறிது நேரத்தில் பிரிக்பீல்ட்ஸை அடுத்த கே.எல். சென்ட்ரல் நிலையம் வந்துவிடும்; அங்கே வண்டி மாறினால் கிள்ளானுக்கும் அதற்கப்பால் துறைமுகத்துக்கும் போகலாம். அவசரகாலம் என்று சரித்திரத்தில் பெயர் பெற்ற 1948 முதல் 1960 வரையிலான ஆண்டுகளில், கம்யூனிஸ்டுப் போராளிகளுக்குக் கிராமத்தாரின் உதவி கிட்டாதபடி அக்கிராமத்தாரை அரசு முள்வேலிக்குள் குடியமர்த்திய புதுக்கிராமங்களுள் ஒன்று சாலாக் செலாத்தானிலும் உருவாயிற்று. அக்காலத்தில் லங்காட் ஆற்றோரத்துத் தோட்டத் தமிழர் இருதரப்புக்கும் இடையில் அகப்பட்டுப் பட்ட பாட்டை அ. ரெங்கசாமி 'லங்காட் நதிக்கரை' என்ற நாவலில் எழுதியிருக்கிறார். அதைப் படித்தபின், நாள்தோறும் காய்கறி வாங்கப் போகும் தெருக்கூட எனக்கு வேறுவிதமாகத் தோன்றத் தொடங்கியது.

இனி ரயில் பாதையைப் பற்றி. கிள்ளான் ஆற்றங்கரையிலிருந்து கோலாலம்பூருக்கு 1886ஆம் ஆண்டு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1901இல் ஆற்று முகத்துவாரத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் பிறந்தது. 1972இல் அது கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறியது. ஈயம் ஏற்றிச் செல்வதற்காக இடப்பட்ட அந்தப் பாதையின் பராமரிப்பில் கூலிகளாகவும், நிலையங்களில் குமாஸ்தாக்களாகவும் தமிழர் வந்து சேர்ந்தனர். கோலாலம்பூரை 1881இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அழித்தபின், கட்டடங்களைச் செங்கல்லிலும் ஓட்டிலும் கட்டவேண்டும் என்று அரசு வற்புறுத்தியபோது, அச்செங்கல் சுடப்பட்ட சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். சூளைகள் அணைந்த பிறகு ரயில்வே ஊழியரின் குடியிருப்புகள் அங்கே எழுந்தன. கணக்கெழுதவும் தந்தி அடிக்கவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், தண்டவாளம் காக்கத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள், மலையாளிகள், சிங்களவர் எனப் பலரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தார்கள். கந்தசுவாமி கோயிலும் பௌத்த மகா விகாரையும் ஜெபமாலை மாதா தேவாலயமும் நடந்துபோகும் தூரத்துக்குள் அமைந்திருப்பது இதன் பயனே.

இங்கே வாசகரைத் தேடுபவர் முதலில் நிற்கவேண்டிய இடம் விவேகானந்தா ஆசிரமம். இலங்கைத் தமிழர்களின் முயற்சியால் 1904ஆம் ஆண்டு எழுந்த அக்கட்டடத்தின் முன்னே சுவாமி விவேகானந்தரின் சிலை நிற்கிறது; அதன் பெயரால் தமிழ்ப்பள்ளியும் நடந்து வருகிறது. அந்நிய நாட்டில் சம்பளத்துக்கு உழைக்க வந்தவர்கள், சோற்றுக்கும் கூரைக்கும் வழி பிறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, படிப்பதற்கும் கேட்பதற்கும் பொது இடம் ஒன்று வேண்டும் என்று எண்ணினார்களே, அந்த எண்ணத்தை நான் மிகவும் மதிக்கிறேன். 'நூறு குவாட்டர்ஸ்' என்று மக்கள் அழைத்த பழைய ரயில்வே குடியிருப்புகள் இப்போது இல்லை. நகர வளர்ச்சி அவற்றை விழுங்கிவிட்டது. 2010ஆம் ஆண்டு 'லிட்டில் இந்தியா' என்று கோலாகலமாகப் பெயர் சூட்டப்பட்ட துன் சம்பந்தன் சாலையில் இன்று பூமாலையும் புடவையும் பலகாரமும் தாராளமாகக் கிடைக்கின்றன. சுற்றுலா வருவோர் அவற்றைக் கண்டு மகிழட்டும். இத்தெருக்களில் ஒரு காலத்தில் அச்சேறிய தமிழுக்குக் காத்திருந்த மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதையும் யாரேனும் அவர்களுக்குச் சொல்லவேண்டும்.

அவர்கள் காத்திருந்த பத்திரிகைகளுள் முதன்மையானது 'தமிழ் நேசன்'. நரசிம்ம ஐயங்கார் 1924ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தொடங்கிய அப்பத்திரிகை, 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றுபோகும்வரை, ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து ஆண்டுக் காலம் இந்நாட்டுத் தமிழர் வீடுகளில் இடம்பெற்றிருந்தது. அதன் ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பு இலக்கியத்துக்கு ஆற்றிய தொண்டைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். 1950, 1951 ஆண்டுகளில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அப்பத்திரிகை வாயிலாகக் 'கதை வகுப்பு' என்ற ஒன்றை நடத்தினார்கள். சிறுகதை எழுதுவது எப்படி என்பதைப் பாடமாக எழுதி வெளியிட்டு, வாசகர்களிடமிருந்து கதைகளை வரவழைத்து, அவற்றைச் சீர்தூக்கிப் பார்த்து உற்சாகப்படுத்திய வகுப்பு அது. கல்லூரி வாசலை மிதிக்காதவர்களும், தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு கல்வியை முடித்துக்கொண்டவர்களும், நாள்முழுதும் பால்மரம் வெட்டிவிட்டு வந்து இரவில் மண்ணெண்ணெய் விளக்கின் கீழ் அமர்ந்தவர்களும் சேரக்கூடிய ஒரு கல்விக்கூடம், கட்டடமின்றி, காகிதத்தின்மேல் இயங்கியதை நினைத்தால் வியப்பு மேலிடுகிறது. பின்னாளில் மலேசியச் சிறுகதையின் முன்னோடிகள் என்று போற்றப்பட்ட பலர் அவ்வகுப்பில் பயின்றவர்களே. அந்த வகுப்புக்குப் போய்ப் பார்க்க முகவரி ஏதும் இல்லை. பழைய இதழ்களின் பக்கங்களே அதன் முகவரி.

அந்த உழுத நிலத்துக்கு வந்து சேர்ந்தார் கு. அழகிரிசாமி. கோவில்பட்டிக்கு அருகே இடைசெவல் என்னும் கரிசல் கிராமத்தில் 1923இல் பிறந்து, கி. ராஜநாராயணனோடு ஒன்றாக வளர்ந்து, சென்னையில் 'சக்தி' முதலிய பத்திரிகைகளில் உழைத்து, சிறுகதையில் தமக்கென ஓர் இடத்தை அடைந்துவிட்ட பின்னர், ஐம்பதுகளின் முற்பகுதியில் 'தமிழ் நேச'னின் அழைப்பை ஏற்று அவர் கோலாலம்பூர் வந்தார். இங்கேதான் அவருக்கு விவாகம் நடந்தது. 1957இல் தாயகம் திரும்பும்வரை இந்நகரிலேயே வாழ்ந்தார். ஞாயிறு மலரைக் கவனித்துக்கொண்டதோடு நில்லாமல், எழுத விழைந்தவர்களை ஒன்றுகூட்டி இலக்கிய வட்டம் ஒன்றையும் நடத்தினார். அதில் கதைகள் படிக்கப்பட்டன, விவாதிக்கப்பட்டன. கரிசல் காட்டின் ஏழைக் குழந்தைகளைப் பற்றி அலங்காரமின்றி எழுதிய அந்தக் கை, தமிழகத்துப் பாத்திரங்களையும் பட்டணங்களையும் பாவனை செய்து எழுதிக்கொண்டிருந்த மலாயாத் தமிழர்களின் கைப்பிரதிகளைத் திருத்தியபோது என்ன நேர்ந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. ஒருவர் தம்மைச் சுற்றியுள்ள வாழ்வையே நேர்மையாக எழுதலாம், அதுவே இலக்கியத்துக்குப் போதுமானது என்ற தைரியம் இங்குள்ளவர்களுக்கு வேரூன்றியதில் அவருக்குக் கணிசமான பங்கு உண்டு என்பேன். இடைசெவலைத் தேடிச் சென்று அழகிரிசாமியை நினைவுகூரும் அன்பர்கள் கோலாலம்பூருக்கும் வரவேண்டும். அவருடைய வாழ்க்கையின் அந்த அத்தியாயத்தை இங்கல்லாமல் வேறெங்கும் நன்றாகப் படிக்க இயலாது.

ஆனால் பத்திரிகை கதையை மட்டும் வளர்க்கவில்லை. கிள்ளானை நோக்கி ரயில் செல்லும்போதெல்லாம் எனக்கு ஆர்.எச். நாதனின் நினைவு வரும். 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவில் பணியாற்றிய அவர், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வாயிலாகத் தோட்டத் தொழிலாளரை ஒன்றுதிரட்டினார். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை ஒழிப்பு ஆகியவற்றோடு, துரைமார் எதிர்ப்பட்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்று. 1941ஆம் ஆண்டு கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது, மே மாதம் நாதன் கைதானார், கலகம் மூண்டது, படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர், நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சைக்கிளில் அமர்ந்தபடியே செல்லும் உரிமைக்காக ஒருவன் உயிரைப் பணயம் வைப்பதற்கு முன்னால், தான் மற்றவனுக்குச் சமமான மனிதன் என்ற எண்ணம் அவனுள் எங்கிருந்தோ புகுந்திருக்கவேண்டும். தோட்டத்து லயத்தில் எழுத்தறிந்த ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, எழுத்தறியாத பலர் சுற்றியமர்ந்து கேட்ட மாலை வேளைகளுக்கும் அதில் பங்குண்டு என்று நான் நம்புகிறேன்.

கே.எல். சென்ட்ரலில் புறப்பட்ட கிள்ளான் வண்டி, அங்காசாபுரி நிலையத்தில் நிற்கும். வானொலி தொலைக்காட்சி நிலையம் அமைந்த அவ்விடத்திலிருந்து ஒலிபரப்பான தமிழ் நாடகங்களும் கதைகளும், பத்திரிகை எட்டாத காதுகளையும் எட்டின. அங்கிருந்து வெகு தொலைவில் இல்லாத மலாயாப் பல்கலைக்கழகத்தையும் இப்பாதையின் கிளையாகவே கருதவேண்டும். அதன் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்றிருந்த தனிநாயகம் அடிகளின் முயற்சியால் 1966ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரிலேயே கூடியது. பண்டிதர் கூடியதைவிட அதற்கு முன் நிகழ்ந்த ஒன்று என் மனத்தை அதிகம் உருக்குகிறது. ஐம்பதுகளில், அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் நிறைந்த நூலகம் அமையவேண்டும் என்பதற்காக, 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். உழைப்பாளி மக்களும் தம் கூலியிலிருந்து அதற்குக் கொடுத்தார்கள். தம் பிள்ளைகள் அங்கே படிப்பார்களா என்பது நிச்சயமில்லாதவர்கள், அந்நூலகத்தின் வாசலைத் தாமே ஒருநாளும் மிதிக்கப்போகாதவர்கள், புத்தகம் வாங்கப் பணம் தந்தார்கள். வாசகர் என்ற சொல்லுக்கு அவர்களையும் சேர்த்தே பொருள் கொள்ளவேண்டும்.

சுபாங் ஜெயாவை வண்டி கடக்கும்போது ஜன்னலுக்கு வெளியே தெரிவன அடுக்குமாடி வீடுகளும் அங்காடிகளும் மட்டுமே. இந்நகரின் பெரும்பகுதி முன்பு சீபீல்ட் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களமும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையும், கோயிலும் பள்ளியுமாக இயங்கிய ஓர் உலகம், முதலில் ரப்பரிலிருந்து செம்பனைக்கும், பிறகு செம்பனையிலிருந்து வீட்டுமனைக்கும் மாறியது. அங்கே வாழ்ந்தவர்கள் பட்டணத்து ஓரங்களுக்குச் சிதறிப்போனார்கள். சிலாங்கூர் மாநிலம் எங்கும் இதுவே கதை. ஆகையால்தான் இங்கே நாவல்களுக்கு மற்ற நாடுகளில் இல்லாத ஒரு பொறுப்பு வந்து சேர்ந்துவிட்டது: இடம் அழிந்தபின் இடத்தின் நினைவை அவையே சுமக்கவேண்டியிருக்கிறது. தமிழகத்திலிருந்து 1975ஆம் ஆண்டு வந்து தோட்டங்களைச் சுற்றிப் பார்த்த அகிலன் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். விருந்தினராக வந்தவர் கண்ணீரோடு எழுதிய நூல் அது. சிலாங்கூரில் தோட்டம் அமைத்து வாழ்ந்த ஆன்ரி போக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 'மலேசீ' என்ற நாவலுக்காக 1930இல் தம் நாட்டின் கோன்கூர் பரிசைப் பெற்றார். துரையின் பங்களாத் தாழ்வாரத்திலிருந்து பார்த்த மலாயா அதில் அழகாக விரிகிறது. லயத்தின் திண்ணையிலிருந்து பார்த்த மலாயாவை லயத்தில் பிறந்தவர்களே பின்னர் எழுதினார்கள். மூன்றையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு, ஒரே மண் எத்தனை மண்ணாகத் தெரியக்கூடும் என்பது விளங்கும். பட்டணத்துக்கு வந்துசேர்ந்த தலைமுறையின் கதையும் இப்போது எழுதப்படுகிறது, ம. நவீனின் 'சிகண்டி' கோலாலம்பூரின் சௌக்கிட் வட்டாரத்து இரவுகளுக்குள் துணிந்து நுழைகிறது.

கிள்ளானில் இறங்குவோர் தெங்கு கிளானா சாலையின் கடைவீதியைக் கண்டு, சுந்தரராஜப் பெருமாளைத் தரிசித்துவிட்டு, அதோடு திரும்பிவிடக் கூடாது. அங்கிருந்து தெற்கே சென்றால், லங்காட் ஆறு நிலத்திலிருந்து பிரித்துவைத்திருக்கும் கேரித் தீவு வரும். இன்று அதன் பெரும்பகுதி செம்பனைக் காடு. மா மெரி பூர்வகுடிகளின் மரச்சிற்பங்களைக் காண வெளிநாட்டார் வருகிறார்கள். தமிழ் வாசகருக்கு அத்தீவு வேறொரு காரணத்துக்காகவும் முக்கியமானது. அங்கே தோட்டத்தில் 1937ஆம் ஆண்டு பிறந்த முரசு நெடுமாறன், தமிழாசிரியராகவும் கவிஞராகவும் வளர்ந்து, இந்நாட்டில் நூறாண்டுகளாக எழுதப்பட்ட கவிதைகளை ஊர் ஊராகத் தேடி, பழைய பத்திரிகைகளிலும் தனியார் பெட்டிகளிலும் முடங்கிக் கிடந்தவற்றை வெளிக்கொணர்ந்து, 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' என்ற பெருநூலாக 1997இல் வெளியிட்டார். பல்கலைக்கழகங்கள் குழு அமைத்துச் செய்யவேண்டிய காரியத்தைத் தோட்டத்தில் பிறந்த ஓர் ஆசிரியர் தம் வாழ்நாள் உழைப்பால் செய்து முடித்தார். அவர் புதல்வர் முத்து நெடுமாறன் 1985இலேயே கணினியில் தமிழ் எழுத 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கினார். பின்னர் 'செல்லினம்' வழியாகக் கைப்பேசிக்கும் தமிழைக் கொண்டுவந்தார். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் டொராண்டோவிலும் கைப்பேசியில் தமிழ் தட்டெழுதுவோரில் எத்தனையோ பேர் அவர் அமைத்த விசைமுறையைப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும், அதன் பின்னணியில் கேரித் தீவின் தோட்டமொன்று இருக்கிறது என்பதையும் அங்கு செல்லும் ஒவ்வொரு தமிழ் மாணவருக்கும் சொல்லவேண்டும்.

பாதை துறைமுகத்தில் முடிகிறது. 1926 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடிய 'ரஜூலா' கப்பல், பினாங்கை அடுத்து இத்துறையையும் தொட்டுச் சிங்கப்பூர் சென்றது. அது ஆட்களை மட்டும் இறக்கவில்லை. தமிழகத்து வார, மாத இதழ்களும் புத்தகக் கட்டுகளும் கடல்வழியாகவே இந்நாட்டு வாசகரை வந்தடைந்தன. கப்பல் தாமதித்தால் தொடர்கதையும் தாமதித்தது.

இப்பாதையில் உண்மையாகவே யாத்திரை செய்ய விரும்பும் அன்பர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்வேன். கேரித் தீவுக்கும் லங்காட் கரைக்கும் போவதற்கு முன்னரே ரெங்கசாமியின் நாவலைப் படித்துவிடுங்கள்; கவிதைக் களஞ்சியத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர் ஒருவர் உடன் வர இசைந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். பெரட்டுக் களம் இருந்த இடத்தை அவரால்தான் காட்டமுடியும். பழைய 'தமிழ் நேசன்' ஞாயிறு மலர்கள் யார் வீட்டுப் பரணிலேனும் கிடந்தால், வீடு மாறும்போது பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போடாமல், பல்கலைக்கழக நூலகத்துக்கோ தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ, ஏற்றுக்கொள்வார்களா என்று எழுதிக் கேளுங்கள். கதை வகுப்பில் முதற்கதை எழுதிய யாரோ ஒரு பால்மரத் தொழிலாளியின் பெயர் அந்த மலர்களில்தான் அச்சாகியிருக்கிறது.